அம்மாவின் இடப்பக்கம்

ஈர்க்கு விளக்குமாறு மணலைக் கீறிக்கொண்டு வரும் சத்தம் முற்றத்தின் நடுவில் வந்ததும் நின்றுவிடும். வெளியே வந்து பார்த்தால் வலது பக்கம் கோடு கோடாகச் சுத்தமாகக் கிடக்கும். இடது பக்கத்தில், யாரோ கயிறு பிடித்து எல்லை போட்டதுபோல, அந்த இடத்திலிருந்து வேப்பஞ்சருகு மணல் தெரியாமல் மூடிக் கிடக்கும். அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, பெரிய வேலையொன்றை முடித்த களைப்போடு, "முத்தம் கூட்டியாச்சு" என்பார். எங்களோடு விளையாடுகிறாராக்கும் என்றுதான் முதல் இரண்டு நாளும் நினைத்தேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நானாட்டானுக்குப் பக்கத்தில், வயற்கரையை ஒட்டிய எங்கள் ஊரில் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன அம்மா வரம்பில் சரிந்து விழுந்தார் என்றும், அப்பா அவரை உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்றும், பள்ளிக்கூடத்தால் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "பாரிசவாதம்" என்றார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்த அம்மா இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். இடது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. ஆனால் பேச்சில் ஒரு குறையும் இல்லை. எந்தக் கோழி எந்த மூலையில் முட்டையிடும் என்பதிலிருந்து, நான் மூன்றாம் வகுப்பில் தொலைத்த குடையின் நிறம்வரை எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. அப்படியானால் நோய் எங்கே இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

தலையில் பாதியை வாரிவிட்டுச் சீப்பை வைத்துவிடுவார். சோற்றுக் கோப்பையில் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, மற்றப் பாதி அப்படியே இருக்க, "இன்னும் கொஞ்சம் போடுங்கோவன்" என்று அப்பாவிடம் கேட்பார். இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சாப்பிடும்போது அம்மாவுக்கு வலப்பக்கம் ஆறு வயதுத் தம்பி நிரோசனும் இடப்பக்கம் நானும் இருப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒருநாள் அம்மா மீனை முள்ளெடுத்துத் தம்பிக்குக் கொடுத்துக்கொண்டே, "வதனி எங்க, பள்ளிக்கூடத்தால இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டார். நான் ஒரு முழம் தள்ளி இருக்கிறேன்.

"இஞ்சதானம்மா இருக்கிறன்" என்றேன்.

அம்மா முகம் மலர்ந்து திரும்பினார், ஆனால் வலப்பக்கமாக. தம்பியைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கிணற்றடிவரை என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, "சத்தம் கேக்குது, ஆளைக் காணேல்ல" என்று சோற்றுக்குத் திரும்பினார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா விழுவதற்கு முதல்நாள் நான் அவரோடு கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருந்தேன். அதற்காகத்தான் இப்படிச் செய்கிறார் என்று எனக்குள்ளே முடிவுசெய்துகொண்டேன்.

மன்னாருக்குக் கிளினிக்குக்குப் போனபோது அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருவர் அம்மாவின் ஸ்கான் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டாய்ப் பிளந்த வாதுமைக்கொட்டைபோல இருந்த அதன் இடது பாதியில் கரிய திட்டு ஒன்று தெரிந்தது. "இது மூளையின்ர வலப்பக்கம்" என்றார். படத்தில் பக்கம் மாறித்தான் தெரியுமாம். வலது மூளைதான் உடம்பின் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுமாம். இடது என்பது வலது, அந்த வலதுக்குரியது இடது என்று நான் விரல் மடித்துப் பார்த்து மேலும் குழம்பினேன்.

"கண் நல்லாத்தான் இருக்கு" என்று மிஸ் அப்பாவிடம் சொன்னார். "ஆனா கண் காட்டுறதை மூளையில ஒரு இடம் கவனிக்கோணும். அந்த இடம்தான் பழுதாப்போச்சு. இப்ப இவவுக்கு இடப்பக்கம் எண்டு ஒண்டு உலகத்திலயே இல்லை. நீங்கள் கதைக்கிறது, சாப்பாடு குடுக்கிறது எல்லாத்தையும் இடப்பக்கம் நிண்டே செய்யுங்கோ. அவ திரும்பிப் பாக்கப் பழகோணும். லேசெண்டு வலப்பக்கம் போய் நிக்காதேங்கோ."

"எவ்வளவு நாளைக்கு, மிஸ்?"

"அது சொல்ல ஏலாது."

பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்தாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தை இரவல் வாங்கிப் பார்த்தேன். நினைப்பதற்கும் உணர்வதற்கும் மூளையம், விழாமல் நடப்பதற்கு மூளி, மூச்சுக்கும் இதயத்துக்கும் நீள்வளையமையவிழையம், அதிலிருந்து முதுகெலும்புக்குள்ளே இறங்கும் முண்ணாண், முண்ணாணிலிருந்து கை கால் முழுவதும் பிரிந்துபோகும் நரம்புகள் என்று எல்லாம் அம்புக்குறி போட்டு இருந்தன. "மூளி" என்பதை அதுவரை ஏச்சாகத்தான் கேட்டிருந்தேன். அது எல்லோருடைய தலைக்குள்ளும் இருக்கிறது என்பதே எனக்குப் புதினம். ஆனால் ஓர் அம்மாவின் மூளைக்குள் அவருடைய மகள் எந்த இடத்தில் இருப்பாள் என்பதற்கு அந்தப் படத்தில் அம்புக்குறி இல்லை.

மிஸ் சொன்னபடியே, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் இடப்பக்கத்தில் போய் இருந்து, "அம்மா, இஞ்சால திரும்புங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். அம்மா வலப்பக்கம் தேடுவார், களைத்துப்போவார். ஒருநாள் அவருடைய இயங்காத இடது கை பாயிலிருந்து வழுகி என் பக்கம் விழுந்தது. அப்பா அதைத் தூக்கி மடியில் வைத்து, "இது ஆற்ற கை, சொல்லு பாப்பம்" என்று பகிடியாகக் கேட்டார். அம்மா வலக்கையால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் யோசிக்காமல், "வதனியின்ர கை" என்றார். "பாவம் பிள்ளை, நித்திரையாப் போனாள். கை குளிர்ந்துபோய்க் கிடக்கு."

அப்பா சிரிக்கத் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து அது என் கையாகிவிட்டது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சலில் கிடந்தபோது என் கையைத் தடவியதுபோலவே விரல் விரலாகத் தடவுவார். "வதனியின்ர நகம் வளந்திட்டுது, வெட்டிவிடுங்கோ" என்பார். நான் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா என்னை மறக்கவில்லை என்பதில் சந்தோசம். ஆனால் அந்தத் தடவல் எதுவும் என்மேல் படவில்லை. ஒரு கையின்மேல் பொறாமைப்படலாமா என்று யாரிடமும் கேட்கவும் முடியாது.

சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போன அப்பா எனக்குப் பச்சைக் கண்ணாடிக் காப்பு ஆறு வாங்கி வந்திருந்தார். அடுத்த நாள் பின்னேரம் அம்மா அந்தப் பொட்டலத்தைக் கண்டுவிட்டார். "வா பிள்ளை, போட்டுவிடுறன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு காப்பை எடுத்து, மடியில் கிடந்த கையின் விரல்களில் கோர்த்து மேலே தள்ளினார். பதினொரு வயதுப் பிள்ளையின் காப்பு அம்மாவின் கைக்குள் எப்படிப் போகும்? விரல் மொளியில் இறுகி நின்றது. "பிள்ளை நல்லா வளந்திட்டாள்" என்று சந்தோசமாகச் சொல்லி இன்னும் அழுத்தினார். காப்பு உடைந்து சில்லுத் தோலில் ஏறியது. இரத்தம் சட்டையில் சொட்ட அம்மா அடுத்த காப்பை எடுத்தார். அவர் முகத்தில் நோவின் சாயலே இல்லை.

"அம்மா, நோகுது!" என்று கத்தினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. எனக்கு ஒன்றும் நோகவில்லை. ஆனால் நோகிறது என்று சொல்ல அங்கே வேறு யாரும் இருக்கவில்லை.

அம்மா பதறிக் காப்பைப் போட்டுவிட்டு, "எங்க பிள்ளை? எங்க நிக்கிறாய்?" என்று வலப்பக்கம் முழுவதும் தேடினார். கண் கலங்கியிருந்தது. மிஸ் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும் எழும்பி, அம்மாவுக்கு முன்னால் சுற்றி, வலப்பக்கம் போய் நின்றேன்.

அம்மா என்னைக் கண்டார். "எங்கயடி போயிருந்தனி இவ்வளவு நாளும்?" என்று ஒற்றைக் கையால் இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என் முதுகைத் தடவிய அந்த ஒரு கையின் சூடு எனக்குப் போதுமாக இருந்தது. பிறகுதான் மடியில் வழிந்த இரத்தம் நினைவுக்கு வந்து துணி எடுக்க ஓடினேன்.

வலப்பக்கம் போய் நின்றதை அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் திரும்பவும் இடப்பக்கமே போய் இருந்தேன். சித்திரை வருடம் பிறந்து சில நாட்கள் கழித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அம்மாவின் தலை மெல்ல மெல்ல என் பக்கம் திரும்பியது. நான் கூப்பிட்டதாலா, மூளை தானாகத் தேறியதாலா, தெரியாது. அதற்கும் பிறகு ஒருநாள் அப்பா அதே கேள்வியைக் கேட்க, அம்மா அவரை முறைத்து, "என்ர கைதான், வேற ஆற்ற கை? உங்களுக்கு விசரோ?" என்றார். அப்பா கைதட்டினார். தம்பி குதித்தான். நான் கிணற்றடிக்குப் போய், ஏனென்று தெரியாமல் வெகுநேரம் அழுதேன்.

இப்போது நான் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு இடது கை பிடிப்புக் கொஞ்சம் குறைவு, மற்றப்படி சுகம். அப்பா இல்லை. ஸ்கான் படம் ஒரு மாரியில் ஈரம் பட்டு ஒட்டிக் கிழிந்துபோயிற்று. தம்பிக்கு அந்த நாட்கள் ஒன்றும் நினைவில்லை. அண்மையில் அம்மாவிடமே கேட்டேன். "கை விறைச்சுப்போய்க் கிடந்தது, அவ்வளவுதான்" என்றார். "பெத்த பிள்ளையைத் தெரியாமல் ஒருத்தி இருப்பாளோ? சும்மா கதை கட்டாதை." மடியில் வைத்து அத்தனை நாளும் அவர் தடவியது என்னைத்தானா என்று கேட்க நினைத்தேன். ஆனால் அதற்குப் பதில் சொல்லக்கூடியவர், அந்தக் கையை என் கையென்று தடவிய அம்மா, இப்போது வீட்டில் இல்லை.