கத்திரி வெட்டிய இடம்

படத்தொகுப்பு அறைகளில் கத்திரி என்றால்தான் அவரைத் தெரியும். எத்தனையோ படங்களை வெட்டி ஒட்டியவர். அதில் ஒன்றின் பேச்சை எடுத்தால் மட்டும் வேப்பங்காயைக் கடித்த மாதிரி முகம் கோணும். முகமூடிக் கொலைகாரன் படத்தின் இரண்டாம் பாகம் அது.

அதைக் குப்பை என்றால் குப்பைக்கே கோபம் வரும். முதல் பாகம் ஓடிவிட்டதே என்று அரைத்த மாவையே அரைத்தார்கள். கிணற்றில் மூழ்கிச் செத்தவன் எப்படி எழுந்து வந்தான்? கேட்கக் கூடாது. கதாநாயகியின் இடது கையில் பட்ட வெட்டு, அடுத்த காட்சியில் வலது கைக்குக் குடிபோயிருந்தது. போதாக்குறைக்கு, கதை பாதிப் படத்துக்குக்கூட எட்டவில்லை. பழைய கொலைகளையே மறுபடி ஒட்டி நிரப்பச் சொல்லிவிட்டார் தயாரிப்பாளர்.

அங்கேதான் வந்தது வினை. முதல் பாகத்தில் செத்த விடுதிப் பெண்களில் ஒருத்தி கத்திரியின் தங்கை. அண்ணனை நச்சரித்து வாங்கிய வேடம். தன் சாவைத் தியேட்டரில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாம் பாகம் தொடங்குமுன் மஞ்சள் காமாலை அவளை நிஜமாகவே கொண்டுபோய்விட்டது.

"இன்னொரு தடவ அவளக் குத்தணுமாம். தூ, இதெல்லாம் ஒரு பொழப்பு" என்று மனைவியிடம் சொன்னவர் அன்று சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாள், தங்கை அறைக்குள் நுழைந்ததுமே நறுக்கென்று வெட்டினார். மூடிய கதவை மட்டும் நெடுநேரம் ஓடவிட்டார். ஒரு சத்தம்கூட வைக்கவில்லை. தயாரிப்பாளர் குதித்தார், வெளியீடு நெருங்கியதால் அப்படியே போயிற்று.

இப்போது அந்தக் கதவுக்குத்தான் மாலை மரியாதை. செத்த கொலைகாரன் திரும்பி வந்த முதல் படமாம், கொலையைக் காட்டாமலே குலைநடுங்க வைத்த முதல் வெட்டாம். சினிமா படிக்கிற பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். வாசித்த கையோடு அவர் அதைப் பழைய பேப்பர்க் கட்டில் போட்டார்.

பழைய படங்களைப் புதுப்பிக்கும் நிலையத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். முதல் பாகம் அழிந்தே போய்விட்டது, ஆனால் நீங்கள் வெட்டிய துண்டு மட்டும் கிடைத்திருக்கிறது, நீங்கள் சம்மதித்தால் இரண்டாம் பாகத்தில் சேர்த்து முழுசாக வெளியிடுவோம் என்றாள். என்ன ஆசை பார், இந்தக் கருமத்துக்கு முழுசு ஒன்றுதான் குறைச்சல். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் கிளம்பிப் போனார்.

சொல்லுமுன் அவள் துண்டை ஓட்டிவிட்டாள். கண்ணாடி முன்னால் தங்கை தலை வாரினாள். பின்னலை முன்னே இழுத்துப் போட்டு ஏதோ முணுமுணுத்தாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போட்டோ. அதில் அவள் அசையமாட்டாள். கத்திரி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு நிழல் விழப்போகும் இடம் வந்தது. அவர் கை தானாக உயர்ந்தது.

"நிறுத்தும்மா."

நிறுத்தினாள். இது சரித்திரம் சார், எல்லோரும் பார்க்க வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அந்தக் கதவு மூடியிருக்கிறதுதான் சரித்திரம்னு சினிமா படிச்ச நீங்கள்லாம்தானம்மா எழுதினீங்க. அது மூடியே இருக்கட்டும்."

அவள் துண்டை முதலிலிருந்து ஓட்டி, அதே இடத்தில் தானே நிறுத்தினாள். கத்திரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை தங்கையைத் தலை வாரவிடச் சொன்னார்.