கப்பல் உயர்ந்துகொண்டிருந்த வாரம்

எங்கள் குடும்பத்தில் உலகத்தைச் சுற்றிப் பார்த்தவர் சாச்சி ஒருவர்தான். அதுவும் நிலக்கரியோடு சேர்ந்து. உம்மாவின் ஒரே தங்கையான அவரை மணந்த சாச்சா சரக்குக் கப்பலொன்றில் எஞ்சினியர். கப்பலில் உயர்ந்த பதவியில் இருப்பவர்கள் தம் மனைவியரைச் சில மாதங்களுக்கு உடன் அழைத்துச் செல்லலாம் என்றொரு வழக்கம் அந்தக் கம்பனியில் இருந்தது. கலியாணமான நாள்முதல் பெரும்பாலும் தொலைபேசியோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த சாச்சி, இதைக் கேள்விப்பட்டதும் பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

கற்பிட்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரான மாம்புரியில் இது நெடுநாள் கதைக்கப்பட்டது. வெளிநாடு போகிறவர்கள் விமானத்தில் போவார்கள். வேலைக்குப் போவார்கள், அல்லது ஹஜ்ஜுக்குப் போவார்கள். வேலையும் இல்லாமல் கடமையும் இல்லாமல் ஒரு பெண் கரிக்குவியலோடு எங்கே போகிறாள் என்று எல்லோரும் கேட்டார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சாச்சி துறைமுகத்துக்குத் துறைமுகம் அனுப்பிய படங்களை நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். எல்லா நாடுகளிலும் பாரந்தூக்கிகளும் தகரக் கொட்டகைகளும் கறுப்புக் குவியல்களுமே இருந்தன. உலகம் இவற்றால்தான் ஆனது என்ற முடிவுக்கு வந்த எனக்கு, அதைப் பார்க்க ஒருவர் இவ்வளவு ஆசைப்படுவது இன்னும் வியப்பாக இருந்தது. ஆனால் சாச்சி கதைக்கும்போது அந்தக் கொட்டகைகளுக்கு இடையில் வேறொரு உலகம் தென்படும். வெயிலில் பறந்து வந்து கப்பலின் மேல்தட்டில் விழும் மீன்கள், பாண் சுடக் கற்றுக்கொடுத்த பிலிப்பைன்ஸ் சமையற்காரர், நாட்கணக்கில் இன்னொரு கப்பலைக்கூடக் காணாத நீர்ப்பரப்பு.

"நான் இங்க சாமானும் இல்ல, வேலையாளும் இல்ல," என்று ஒருமுறை சிரித்தார். "கப்டனுக்கே என்னைக் கண்டா என்ன சொல்றதெண்டு தெரியாது. குட் மோர்னிங் சொல்லிப்போட்டு ஓடுறார்."

இத்தனையையும் கேட்டுவிட்டு உம்மா கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"கப்பல் ஆடுதா புள்ள?"

"ஆடும்தானே ராத்தா, கடல்தானே."

"தண்ணி உள்ளுக்கு வாறதில்லையே?"

"இது ஒரு ஊரு மாதிரிப் பெருசு ராத்தா. எங்கேருந்து தண்ணி வாறது?"

தங்கை சிங்கப்பூரின் விளக்குகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் தண்ணீர் உள்ளே வருகிறதா என்று கேட்கும் உம்மாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருக்கும். அவருக்குப் பொறாமை என்று நான் தீர்மானித்தேன். கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்திருந்த பிள்ளை நான். அக்கா தங்கையரிடையே பொறாமை வருவது எனக்குத் தெரிந்த செய்தி.

எங்கள் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கும் பருவத்தில் அந்தக் கப்பல் எங்கள் கரைக்கே வந்தது. மின்நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள் கரையை அண்டுவதில்லை. ஆழம் போதாதென்று தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும்; பாதை எனப்படும் தட்டையான படகுகள் போய்க் கரியை ஏற்றி வரும். கரையில் காற்றாலைகளும் கடலில் கரிக்கப்பலும் எங்களுக்கு அன்றாடக் காட்சி. அவற்றில் ஒன்றுக்குள் எங்கள் ஆள் ஒருவர் இருப்பார் என்று யாரும் நினைத்ததில்லை.

சாச்சி தன் பழைய சிம்மைப் போட்டு அழைத்தார்.

"ராத்தா, ஒங்கட காத்தாடியெல்லாம் எனக்கு நல்லாத் தெரியுது. ஒண்டு மட்டும் சுத்தல்ல."

உம்மா முற்றத்தில் இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "ஓம். அது பழுது," என்றார்.

எத்தனையோ தேசங்களின் கரையில் இறங்கி நடந்த சாச்சியால் சொந்த ஊரில் மட்டும் இறங்க முடியவில்லை. நங்கூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து யாரும் கரைக்குப் போக அனுமதி இல்லை. கரி முழுவதும் இறங்கியதும் கப்பல் ஆபிரிக்காவின் தெற்குப் பக்கம் போகும். அதற்குப் பிறகு எப்போது ஊருக்கு வருவோம் என்று சாச்சாவுக்கே தெரியாது. ஆகவே சாச்சி வழியொன்றைச் சொன்னார். உம்மாவின் நானாவான என் மாமாவிடம் மீன்பிடி வள்ளம் இருந்தது. அதில் ஏறிக் கப்பலின் அருகே வந்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கலாம். மேலிடத்தில் சாச்சா சொல்லி வைத்திருக்கிறார்.

"ஒங்கட மொகத்தை ஒருக்காப் பாக்கணும் ராத்தா. வரக்குள்ள அரிசிமா ரொட்டியும் மாசிச் சம்பலும் கொண்டு வாங்க."

உம்மா அன்றே அரிசியை ஊறவைத்தார். மறுநாள் ரொட்டி சுட்டு, மாசிக் கருவாட்டையும் வெங்காயத்தையும் இடித்து, டப்பாவில் போட்டு மூடினார். பிறகு, காற்று பலம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ரொட்டியை நாங்கள் தின்றோம். அடுத்த நாளும் சுட்டார், அன்று தலையிடி. அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டில் கத்தம் ஓதும் விருந்து. அந்த வாரம் முழுவதும் சாச்சிக்கென்று சுட்ட ரொட்டியைத் தின்று தின்று என் தம்பிக்கு அதன் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

மாமா தினமும் கடலிலிருந்து வந்ததும் எங்கள் வாசலில் நின்று கப்பலின் நிலவரத்தைச் சொல்வார். கரி இறங்க இறங்கக் கப்பல் பாரம் குறைந்து மேலெழும் என்பதை அவரிடம்தான் நான் அறிந்தேன். நீருக்குள் இருந்த சிவப்புச் சாயம் முதல்நாள் ஒரு கோடாகத் தெரிந்ததாம். பிறகு ஓர் ஆள் உயரம். பிறகு ஒரு வீட்டின் உயரம்.

"சுறுக்கா வா தங்கச்சி," என்றார் மாமா. "நீ பிந்தப் பிந்த அவ மேல மேலப் போறா. பிறகு மொகம் எங்க, மொழங்கை எங்கெண்டு தெரியாது."

உம்மா வெங்காயத் தாள்களை வெட்டிக்கொண்டிருந்தார். நான் வாப்பாவிடம் முறையிட்டேன். எதற்கும் என்னோடு சேர்ந்து உம்மாவைச் சீண்டும் வாப்பா அன்று மட்டும், "அவவைக் கரைச்சல்படுத்தாத மகள்," என்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கடைசி நாள் காலையில் சாச்சி அழைத்து, மறுநாள் புறப்படுகிறோம் என்றார். உம்மா டப்பாவை எடுத்தார், என் கையைப் பிடித்தார், கடற்கரைக்கு நடந்தார். மாமா வள்ளத்தை நீரில் இறக்கி வைத்துக்கொண்டு நின்றார். உம்மா முழங்கால் வரை நீரில் இறங்கி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தார்.

"ஏறு தங்கச்சி. கடல் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கு," என்றார் மாமா.

உம்மா ஒரு காலைத் தூக்கினார். சிறியதோர் அலை வந்து வள்ளத்தை அசைத்தது. காலை மீண்டும் நீருக்குள் வைத்துவிட்டார்.

"எனக்கு அடுப்பில வேலை கிடக்கு நானா. புள்ளையக் கூட்டிக்கொண்டு போங்க."

அடுப்பு வேலை முடிந்துவிட்டது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மாமா என்னைத் தூக்கி வள்ளத்தில் இருத்தி, தன் பழைய லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். அது போதாதென்று உம்மா தோளில் கிடந்த பச்சைத் துப்பட்டாவை உருவி, ஒரு நுனியை என் இடுப்பைச் சுற்றிக் கட்டி, மறுநுனியை மாமாவின் இடுப்பில் கட்டினார். கரையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. எதையும் பகிடியாக்கும் மாமா சிரிக்கவில்லை. கட்டுவதற்கு வசதியாகக் கையை உயர்த்திக் கொடுத்தார்.

கரை சிறுத்ததும், அவிழ்த்துவிடும்படி மாமாவிடம் கெஞ்சினேன்.

"கட்டினவ அவிழ்ப்பா. பொறு," என்றார். "ஒங்கட சாச்சி சாமானோட கடல்ல போறது இது ரெண்டாந்தரம், தெரியுமா?" என்றார். முதல் தரம் சிங்கப்பூருக்காக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, ஓம் என்றேன்.

கப்பல் ஒரு மதிலைப் போல் எங்கள் மேல் சாய்ந்தாற்போல நின்றது. கீழ்ப்பாதி முழுவதும் சிவப்பு. அதில் வெள்ளை எண்கள். மறுபக்கத்தில் பாதைப் படகில் கரி கொட்டும் சத்தம் கேட்டது. வெகு உயரத்தில், கம்பிக்கு மேலாக, வெள்ளைத் தொப்பி ஒன்று அசைந்தது. அது சாச்சி. அவர் கூவியதைக் காற்று கொண்டுபோய்விட்டது. மாமாவின் தொலைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். மேலே வாய் அசைவதைக் கண்ணால் கண்டு, குரலைத் தொலைபேசியில் கேட்டேன்.

"ராத்தா எங்க நானா?"

"கரையில."

"அவ்வளவு தூரம் வந்துட்டு?"

"ஒனக்குத் தெரியாததா?"

பிறகு சாச்சி என்னைப் பார்த்திருக்க வேண்டும். "அதென்ன நானா, புள்ளைய ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டி வெச்சிருக்கிறீங்க?" என்று சிரித்தார்.

"நான் கட்டல்ல. ஒங்கட ராத்தா கட்டினது."

சிரிப்பு நின்றது. சாச்சி தொப்பியைக் கழற்றினார். கழற்றியும் முகம் தெளிவாகத் தெரியவில்லை. உம்மாவின் துப்பட்டா அவ்வளவு அழகாகவா இருக்கிறது, இப்படிப் பார்க்கிறாரே என்று நினைத்தேன்.

சாச்சா கயிற்றில் வாளியொன்றை இறக்கினார். அது எங்கள் தலைக்கு மேல் ஒரு தென்னை உயரத்தில் தொங்கி நின்றுவிட்டது. இன்னொரு கயிற்றைத் தேடி முடிந்து இறக்கினார்கள். ரொட்டி மேலே போனது. சொக்லட் கீழே வந்தது. வாளி மேலேறியதும் சாச்சி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்களை விட்டுக் கரைப்பக்கம் திரும்பி, தொலைபேசியைக் காதில் வைத்தார். வெகுநேரம் கதைத்தார். அவர் கதைப்பதை நான் கண்டேன், கேட்கவில்லை. உம்மா பேசிய மறுபாதியைக் கடற்கரையில் யாரும் கேட்டிருப்பார்களா என்றும் தெரியாது.

நாங்கள் திரும்பியபோது உம்மா அதே இடத்தில், முழங்கால் நீரில் நின்றுகொண்டிருந்தார். வள்ளம் தரைதட்டும் முன்னமே வந்து என்னைப் பிடித்தார். துப்பட்டா தெப்பமாக நனைந்திருந்தது. முடிச்சின் ஒரு முனையை இழுத்தார், அவிழ்ந்துவிட்டது.

"மெலிஞ்சிருக்கிறாளா?" என்று கேட்டார்.

"தெரியல்ல உம்மா. சரியான உயரத்தில நிண்டாங்க. முந்தியே போயிருந்தாக் கிட்டப் பாத்திருக்கலாம்."

"ஓம்," என்றார் உம்மா. துப்பட்டாவைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மறுநாள் கப்பல் நின்ற இடத்தில் கடல் மட்டும் இருந்தது.

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது, கரையோடு நிலைத்துவிட்ட சாச்சிதான் மிச்சத்தைச் சொன்னார். போர்க்காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டி வந்தபோது, எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது உப்பும் கருவாடும் ஏற்றும் வள்ளமொன்று. சாச்சி அப்போது பிறந்து நாற்பது நாள் ஆகாத குழந்தை. நடுக்கடலில் மழை பிடித்தது. வள்ளத்துக்குள் நீர் வந்தது. கையுள்ளவர்கள் அனைவரும் நீரை அள்ளி வெளியே கொட்ட வேண்டியிருந்ததால், குழந்தையைப் பத்து வயதான உம்மாவின் உடம்போடு சேலைத் துண்டால் கட்டி, அசையாதே என்று சொல்லியிருக்கிறார்கள். உம்மா அசையவில்லை. கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது நனைந்து இறுகிய முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. குழந்தையின் அழுகையும் நின்றிருந்தது. கத்தி தேடி வந்து அறுக்கும்வரை, சுமந்திருப்பது உயிரா என்று தெரியாமலே உம்மா கரையில் நின்றிருக்கிறார். அதே வள்ளத்தில் வந்த மாமா கடலைத் தொழிலாக்கிக்கொண்டார். எதுவும் நினைவில் இல்லாத சாச்சி அதன் மேலேறி உலகத்தைச் சுற்றினார். உம்மா அதன்பின் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

கடல் நீரில் நனைந்த முடிச்சொன்று ஒரே இழுப்பில் அவிழ்ந்தது அன்று எனக்கு வியப்பளிக்கவில்லை. நனைந்தாலும் இறுகாத அப்படியொரு முடிச்சைப் போட உம்மா எங்கே பழகினார் என்று கேட்கவும் அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.