கொடி கீறின கிணற்று மூடி

சனி பின்னேரப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். எங்களைப்போல ஊரை விட்டு வந்து கர்க்லாண்டில் இருக்கும் ஆலோசகர் ஒருவர், ஊரில் இரண்டு கிழமை நின்றுவிட்டு வந்தவர், திரையில் படம் காட்டினார். நாடு சீர்திருத்தப் பாதையில் போகிறதாம். வெளிநாட்டு உதவி கடைசிக் குடிசை வரைக்கும் போய்ச் சேர்கிறதாம். வாயைத் திறந்தால் நிலைபேறான அபிவிருத்திதான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இப்படிப் பெரிய சொல் எனக்குப் பிடிபடாது.

அடுத்த படத்தில் என் தங்கச்சி. மன்னாரில், புதுக் குழாயடியில் குடத்தோடு நின்று சிரிக்கிறாள். தண்ணீர் கொட்டுகிறது. சனம் கை தட்டியது.

அது திறப்புவிழாவுக்காகக் காலையில் பவுசர் லொறியில் கொண்டுவந்து தொட்டிக்குள் ஊற்றின தண்ணீர். அவளே அன்றைக்குப் போனில் சொன்னாள். பிறகு தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் கொஞ்சக்காலம் ஓடியது. சீர்திருத்தம் என்று அரசாங்கம் மின்கட்டணத்தை ஏற்ற, பிரதேச சபை மோட்டரை நிப்பாட்டியது. சரி, கிணற்றில் அள்ளலாம்தானே? அதுதான் இல்லை. திறந்த கிணற்றை மூடினால்தான் குழாய் என்பது உதவி கொடுத்த வெளிநாட்டுக்காரர் போட்ட நிபந்தனை. அந்தத் தெருவில் உவர் இல்லாத ஒரே கிணறு. கொங்கிறீட் மூடி போட்டு, மேலே தங்கள் நாட்டுக் கொடியையும் பெயின்ரால் கீறிவிட்டுப் போனார்கள். தங்கச்சி இப்போது அடுத்த ஊருக்கு நடந்து போய்த் தண்ணீர் சுமக்கிறாள்.

எழும்பினேன்.

"அந்தக் குழாயில இப்ப தண்ணி வருதோ?"

"அடுத்த கட்டத்தில வரும், அண்ணை."

"அதுவரைக்கும் கிணத்தைத் திறக்கலாமோ?"

"அது பாதுகாப்பில்லாத நீர். மதிப்பீட்டுக்கு ஆள் வரவேணும்." சொல்லிவிட்டுப் போத்தல் தண்ணீரைக் குடித்தார்.

"இருங்கோ அண்ணை, மனிசனுக்கு விக்கப்போகுது" என்று என் கையைப் பிடித்து இழுத்தார் பக்கத்தில் இருந்தவர்.

வெளியே வந்து தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். மன்னாரில் ஞாயிறு விடிந்திருந்தது. டங், டங் என்று சத்தம்.

"என்ன அது?"

"அலவாங்குக் கம்பி. தெருச்சனம் கிணத்து மூடியை உடைக்கினம்."

எனக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். "விசரே? உடைச்சா அடுத்த உதவி வராது. உதவிப் பட்டியல்ல இருந்து பேரை வெட்டிப்போடுவாங்கள்."

"வந்த உதவியைத்தான் அண்ணா உடைக்கிறம்."

வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும்வரை நான் போனை வைக்கவில்லை. கொடியில் கை வைத்ததற்கு யார் வந்து நிற்பானோ என்ற பயம், வேறொன்றுமில்லை.