எனக்கு அடிக்காத மணி

மாத்தளையில் எங்கள் சேவைக் கழகம் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டியும் காணொளிப் போட்டியும் நடத்திய நாளை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது. அப்போது நான்தான் தலைவர்.

பேச்சுக்கு மூன்று நிமிடம், தாண்டினால் மணி. ஒரு நொடிகூடக் கூடாது என்று நானே கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வரவேற்புரையைத் தொடங்கினேன். வந்திருந்த ஒருவரையும் விடாமல் "அவர்களே" போட்டு அழைத்தேன்.

காணொளியை அன்றைக்கே மண்டபத்துக்குள் கைபேசியில் எடுக்க வேண்டும். மாலையில், இரத்தோட்டைத் தோட்டத்து மாணவி ஒருத்தி எடுத்தது திரையில் ஓடியது. குத்துவிளக்கு மட்டும்தான் படம். பின்னணியில் ஒரு குரல் "அவர்களே, அவர்களே" என்று நீள, திரிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஐந்தாவது திரியும் அணைந்தது, குரல் நிற்கவில்லை. மண்டபமே சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"யாருங்க இது, விடவே மாட்டேங்கிறாரு?" என்று பக்கத்திலிருந்த செயலாளரிடம் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தபடி, "நீங்கதான் சார்" என்றார்.

அந்தப் படத்தை விலக்க ஏதாவது விதி இருக்கிறதா என்று என் மனம் தேடியது உண்மை. இல்லை, விதிகளை எழுதியதும் நான்தான். நடுவர்கள் அதற்கே முதற்பரிசு கொடுத்தார்கள்.

என்னிடமிருந்து கேடயத்தை வாங்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்கும் மணி அடிப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் சார்."

முடிவுரைக்கு என்னை அழைத்தார்கள். "எல்லாரும் போய் பஸ்ஸப் புடிங்க, வணக்கம்" என்று இறங்கிவிட்டேன். அவ்வளவு பெரிய கைதட்டலை நான் அதுவரை வாங்கியதில்லை. அது பேசியதற்கா, முடித்ததற்கா என்று யாரிடமாவது கேட்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.