ஆர் பிடித்துக்கொண்டு நிற்கிறது

வாருங்கள், எல்லோரும் சுகம்தானே? சிட்னியில் இருந்து கார் ஓட்டி வந்தவர்கள் முதலில் கதிரையில் இருங்கள். இன்று அருளப்பன் எங்களை விட்டுப் போன முப்பத்தோராம் நாள். பாதர் வரும்வரை அவனைப் பற்றி ஏதாவது சொல்லு என்று அவன் மனைவி ஜெசிந்தா கேட்டாள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். கதை கொஞ்சம் வளைந்து வளைந்துதான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது ட்ருகனினாவில், நான் வேலை செய்யும் குளிர்களஞ்சியத்தின் வாசலில், சுமை தூக்கும் போர்க்லிப்ட் வண்டியில் இருந்தேன். அந்த இடத்துக் காற்று உங்களுக்குத் தெரியும், தலையில் தொப்பி நிற்காது. போனில் நந்தினி. மதுரைப் பிள்ளை, அருளோடு ஒரே கம்பனியில் புரோகிராம் எழுதுகிறவள். "அங்கிள், அருள் சார்..." என்றாள். அதற்கு மேல் அழுகைதான். அவன் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போதே நெஞ்சு நின்றுவிட்டதாம். பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். எனக்கு வண்டியை எந்தப் பக்கம் எடுப்பது என்று தெரியவில்லை.

மன்னாரில் நானும் அவனும் ஒரே தெரு. அவன் படித்தான், நான் கடலுக்குப் போனேன். மெல்பேணுக்கு வந்தும் பக்கத்து வீடு. சனிக்கிழமைகளில் இறால் வாங்கினால் இருவரும் என் குசினியில் இருந்துதான் உரிப்போம். இங்கத்தை இறால் பார்க்கப் பெரிது, சட்டிக்குள் போட்டால் சுருங்கிப்போகும். அதை விடுவோம்.

அப்படி ஒரு சனிக்கிழமை அருள் முகம் வாடி வந்தான். குளிர்லொறிகள் ஓட ஓடத் தங்கள் குளிரின் அளவை அனுப்புமாம். அதையெல்லாம் கூட்டிச் சராசரி சொல்வது அவனுடைய புரோகிராமின் வேலை. சில நாள் நன்றாக ஓடும், பிறகு கம்ப்யூட்டரின் மெமறி நிரம்பி அப்படியே விழுந்துவிடும். அதை எழுதிய மொழியைத் தெரிவு செய்தவன் அருள்தான். வருகிற வெள்ளிக்குள் சரிவராவிட்டால் வேறு ஆட்களை வைத்து வேறு மொழியில் எழுதப் போகிறோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும். நந்தினியின் விசாவோ அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் பிள்ளை பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"உன்ர மொழிக்கு என்னடா வருத்தம்?" என்று கேட்டேன்.

"சோம்பல், மச்சான். கூட்டு எண்டால் கூட்டாது. 'கேக்கேக்க கூட்டுறன்' எண்டு வச்சுக்கொண்டிருக்கும். ஒருத்தரும் கேக்காட்டி வேலை மிச்சம். நல்ல குணம்தான்."

"அப்ப எங்கட மூத்தவன் மாதிரி."

"உன்ர மூத்தவன் மறந்துபோவான். இது மறக்காது. கூட்ட வேண்டிய எண் எல்லாத்தையும் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கும். ஒப்பீஸில மாதக் கடைசியிலதான் சராசரி கேக்கிறாங்கள். அதுவரைக்கும் ஒண்டையும் விடாது."

அந்த நேரம் நந்தினி லப்டொப்போடு வந்தாள். மெமறி எவ்வளவு போகிறது என்று காட்டும் படம் ஒன்று அதில் இருந்தது. மலை மாதிரி ஏறிக்கொண்டே போனது. தரை மாதிரிக் கிடக்க வேண்டும் என்று அருள் எனக்குச் சொன்னான்.

"வர்ற எண்ண உடனே கூட்டச் சொல்லி எழுதிட்டேன் சார். அப்பவும் ஏறுது. அந்த வரி நான் எழுதினது. தப்பு எம்மேலதான்."

"ஆர் எழுதினது எண்டு ஆர் பிள்ளை கேட்டது? ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது எண்டு தேடு" என்றான் அருள்.

கையில் பாதி உரித்த இறாலோடு அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எழுதின இடத்தில இதின்ர செலவு தெரியாது. கேக்கிற இடத்திலதான் தெரியும்" என்று தனக்குள் சொன்னான். பிறகு கேட்டான்: "கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் ஒரு சோடியாத்தானே வச்சிருக்கிறம். உடனே செய் எண்டு நீ எதுக்குச் சொன்னனீ?"

"அந்த ஜோடிக்கு மட்டும்தான் சார்... ஐயோ!"

"பாத்தியே? பெட்டியைத் திற எண்டம், திறந்தது. உள்ளுக்க கிடக்கிற ரெண்டு பொதியையும் ஆர் திறக்கிறது?"

உள்ளே இருந்த இரண்டையும் அப்போதைக்கப்போதே கணக்குப் பார்க்கச் சொல்லி மாற்றினார்கள். பழைய எண்களைக் கொடுத்து ஓட விட்டார்கள். எனக்குக் கோடு மட்டும்தான் விளங்கியது. அது ஏறவில்லை. ஏறவே இல்லை. நந்தினி பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அது நான் இறாலுக்குக் கை துடைத்த துணி. "சீ, நாறுது அங்கிள்!" என்று கத்தினாள். அருள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேலிடத்தில் யாருடைய பிழை என்று கேட்டார்களாம். "நாங்கள் விட்டம், நாங்கள் திருத்தினம்" என்பதற்கு மேல் அவன் ஒரு சொல் சொல்லவில்லையாம். இதை நந்தினி எனக்குச் அவனைப் புதைத்த சேமக்காலையில் வைத்துத்தான் சொன்னாள்.

போன கிழமை அவளுக்குப் பி.ஆர். கிடைத்தது. இனி ஒருவரும் அவளைப் போகச் சொல்ல முடியாது. என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"ஈமெயிலப் பாத்ததும் நான் யோசிக்கவே இல்ல அங்கிள். சாருக்குத்தான் போன் அடிச்சேன். ரிங் போச்சு."

"ஆரம்மா எடுத்தது?"

"ஜெசிந்தா அக்கா. சாரோட போன சார்ஜ் போட்டே வச்சிருக்காங்க."

உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன்.

அவனிடமிருந்து என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். நேற்று வீட்டில் நல்ல கண்ணாடிக் கோப்பை ஒன்று உடைந்து கிடந்தது. 'ஆர்' என்று வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தேன். அதுதான். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அது அவனுடையது. இன்னுமொன்றும் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நந்தினி போன பிறகு, மிச்ச இறாலைக் கழுவிக்கொண்டு நின்றவன் என் பக்கம் திரும்பி...

"அங்கிள், பாதர் வந்துட்டார். அக்கா உங்களக் கூப்பிடுறாங்க."

ஓம் நந்தினிப் பிள்ளை, வாறன். திரும்பி என்னைப் பார்த்து, மச்சான், நான் இல்லாட்டியும் இந்தப் பிள்ளை தானாத் தேடிக் கண்டுபிடிச்சிடும் என்றான்.