காலி இல்லாத பாத்ரூம்

என் சித்தப்பா மகள் என்னைவிட மூன்று மாதம் சின்னவள். அந்த மூன்று மாதத்தைத் தவிர வேறு எதிலும் நான் அவளை முந்தியதில்லை. சைக்கிள் அவளுக்குத்தான் முதலில் வந்தது. கைக்கடிகாரம் அவளுக்குத்தான் முதலில் வந்தது. எங்களுக்கு ஒன்பது வயதான அந்த மார்கழியில் கேஸ் கீசரும் அவள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தது.

பெங்களூர் மார்கழிக் குளிரில் பள்ளிக்கூடப் பிள்ளை படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. மர்பி டவுனில் எங்கள் வீட்டில் அம்மா அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர் வைப்பாள். அதில் நாலு பேர் குளிக்க வேண்டும். என் முறை வரும்போது இரண்டு சொம்பு மிஞ்சும், அதுவும் வெதுவெதுப்பாக. அல்சூர் ஏரிப் பக்கம் புது ஃப்ளாட்டில் இருந்த அவளோ, “ஷவரத் திறந்தா டுப்புனு பத்திக்கும்டி. பாத்ரூமுக்குள்ளயே தீ தெரியும், நீலமா. ஒரே ஆவி. நான் தெனம் கண்ணாடியில என் பேர எழுதுவேன்” என்றாள். எனக்குக் காதில் புகை வந்தது. கண்ணாடியில் பேர் எழுதுகிறாளாம், பெரிய மகாராணி!

வீட்டுக்கு வந்து ஒருவேளை பட்டினி கிடந்தேன். “உன் வயித்தெரிச்சலுக்கே ஒரு குண்டான் தண்ணி காஞ்சிடும். உனக்கெதுக்குடி கீசரு?” என்றாள் அம்மா. அப்பாதான் இரங்கினார். கரண்ட் கீசருக்கு வீட்டு ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒயரிங் பழசாம். ஆக, எங்களுக்கும் கேஸ் கீசர்தான் என்று முடிவானது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பா ஆஸ்டின் டவுனில் ஒரு கார் ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். எதை வாங்கப் போனாலும் திருப்பிப் போட்டு அடியைப் பார்ப்பார். கடையில் மூன்று கீசர்கள் மாட்டியிருந்தன. கறுப்புக் கண்ணாடி முகமும் சிவப்பு எண்களுமாக ஒன்று, அச்சு அசல் அவள் வீட்டில் இருப்பது. நான் அதன் அடியிலேயே போய் நின்றுகொண்டேன். அப்பா மூன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார். “இதோட புகை எங்க போகும்?”

“கம்பெனி பீஸ் சார், புகையே வராது” என்றார் கடைக்காரர்.

“தீ எரியுது, புகை வராதா?” என்று அப்பா சிரித்தார். கடைசியில், டிபன் பாக்ஸை நிறுத்தி வைத்த மாதிரி இருந்த, இருப்பதிலேயே விலை குறைந்த வெள்ளைக் கீசரை வாங்கினார். மிச்சப் பணம் பைப்புக்கும் சுவரில் ஓட்டை போடவும் வேண்டுமாம். ஓட்டைக்குக் காசு இருக்கிறது, கறுப்புக் கண்ணாடிக்கு இல்லை! வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் வந்தார். கன்னடக்காரர். பாத்ரூமுக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “ஒளகடே காளி இல்லா சார். காளி பேக்கு” என்றார். பேக்கு என்றால் வேண்டும் என்று எனக்குத் தெரியும். காளி என்றால் கன்னடத்தில் காற்று என்பது தெரியாது. என் காதில் அது ‘காலி’ என்று விழுந்தது. பாத்ரூம் காலியாக இல்லையாம், காலி வேண்டுமாம். அவ்வளவுதானே? அவரும் அப்பாவும் வாசலில் டீ குடித்து முடிப்பதற்குள் டிரம், மூன்று பக்கெட், சொம்பு, முக்காலி, சோப்பு டப்பா, துடைப்பம் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன். மூச்சு வாங்க வந்து, “அங்கிள், ஃபுல்லா காலி பண்ணிட்டேன். உள்ளயே மாட்டுங்க” என்றேன்.

ஃபிட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். கீசரை வெளி நடையில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மாட்டிவிட்டுப் போனார். பைப் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வந்தது. போதாததற்கு அப்பா வென்டிலேட்டர் கண்ணாடியையும் கழற்றிவிட்டார். தண்ணீர் நன்றாகத்தான் சுட்டது. ஆனால் ஆவி நிற்கவில்லை, குளிர்காற்று சிலுசிலுவென்று வந்தது. பேர் எழுத வழியே இல்லை.

பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டார் வந்தபோது, “உங்க கீசர் ஏன்டி வெளிய நிக்குது? வாட்ச்மேன் வேலையா?” என்றாள் அவள். அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அப்பா சித்தப்பாவிடம், “உங்க கீசர உள்ள வெச்சிருக்காதடா. ஷெட்ட மூடிட்டு உள்ள வண்டி இன்ஜின ஓட விடுவியா?” என்றார். “உனக்கு எல்லாமே வண்டிதாண்ணா” என்று சித்தப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. தலைக்குக் குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. சித்தப்பா கதவை உடைத்துப் பார்த்தால், கீசர் புகையில் மயங்கித் தரையில் கிடந்தாளாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். நான் பார்க்கப் போனேன். கட்டிலைச் சுற்றி ஆப்பிள், ஆரஞ்சு, ஆளுயர பொம்மை. எல்லாரும் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவும்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மயங்கி விழுவதிலும் அவள்தான் முதல்!

மறுநாளிலிருந்து எனக்கு இரண்டு புதுச் சட்டங்கள். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது. குளித்து முடிக்கும் வரை வாய்ப்பாடு சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்பா ஒர்க் ஷாப்புக்குக் கிளம்பாமல் கதவுக்கு வெளியே நிற்பார். நான் சோப்புப் போட வாயை மூடினால்கூடத் தட்டுவார். அவள் படுத்துக்கொண்டு டிவி பார்க்கிறாள், எனக்கு மட்டும் ஈரத்தோடு கணக்குப் பரீட்சை. இது எந்த ஊர் நியாயம்?

நாலாம் நாள் தாழ்ப்பாளைப் போட்டேன். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, உடுப்பைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதிவரை சொல்லி நிறுத்தினேன்.

“ஏழேழு?” என்றார் அப்பா.

நான் வாயைத் திறக்கவில்லை. நிற்கட்டும்.

“கண்ணு, ஏழேழு? சொல்லுடா.” தட்டினார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்து வந்தது அப்பாவின் குரலே இல்லை. தாழ்ப்பாள் பிய்ந்து எதிர்ச் சுவரில் போய் விழுந்தது.

முக்காலியில் முழித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. ஒர்க் ஷாப் சட்டையோடு ஈரத் தரையில் உட்கார்ந்து, என் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். ஏழாம் வாய்ப்பாடுகூடத் தெரியாத பெண்ணைப் பெற்றுவிட்டோமே என்று அழுகிறார் என்று நான் நினைத்தேன். அவர் தோளைப் பிடித்து உலுக்கி, “நாப்பத்தொம்பதுப்பா, எனக்குத் தெரியும்ப்பா, நாப்பத்தொம்பது” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.