ஐயாயிரம் ரூபாய் சோபாவில் சாமியார்கள்

விருந்துக்கு விலை வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

நான் வேலை பார்க்கும் அறக்கட்டளை மிகச் சிறியது. திருவண்ணாமலையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் நடத்துகிறோம். ஏழரைக்கு வகுப்பு முடியும். அதன்பின் பிள்ளைகளை அவரவர் ஊரில் இறக்கிவிட ஒரு பழைய வேன் இருந்தது. போன வருடம் சித்திரை வெயிலில் அது செங்கம் சாலையிலேயே நின்றுவிட்டது. மெக்கானிக் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார், மெதுவாக மூடினார். செத்தவர் முகத்தைத் துணியால் மூடுகிற மாதிரி இருந்தது.

அந்த வேனில் வந்துபோன பதினான்கு பேரில் என் தங்கையும் ஒருத்தி. அப்போது பன்னிரண்டாவது போகவிருந்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான், அதிலும் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் எங்கள் வீடு இருக்கும் அடி அண்ணாமலைக்கு இருட்டிய பிறகு அவளைத் தனியாக ஆட்டோவில் வரவிட அப்பா தயாராக இல்லை.

"வண்டி இருந்தா போவட்டும். இல்லன்னா ஊட்ல இருக்கட்டும்," என்றார். கத்திச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

பள்ளி திறப்பதற்குள் ஒரு செகண்ட் ஹேண்ட் வேனாவது வாங்கியாக வேண்டும். எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மகன் வீட்டுக்குச் சென்னை போய்வருகிறவர். அங்கே பெரிய ஓட்டல்களில் நன்கொடை விருந்து நடக்கிறது, ஒரு தட்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்திருந்தார். "நாமளும் ஒண்ணு போடுவோம்பா. நீதான் எம்.எஸ்.டபிள்யூ படிச்சவன். பிளான் பண்ணு."

சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ பாடத்தில் இது இல்லை. அன்றைக்கே உட்கார்ந்து போனில் காணொளிகள் பார்த்தேன். கோட்டு போட்ட ஒருவர், விருந்தாளி சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பதில்லை, சவுகரியத்துக்குத்தான் கொடுக்கிறார், சவுகரியத்தைப் பல படிகளாகப் பிரித்து விலை வையுங்கள் என்றார். இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். வெள்ளி டிக்கெட் இரண்டாயிரத்து ஐந்நூறு, துணி போட்ட நாற்காலி. தங்க டிக்கெட் ஐயாயிரம், சோபா, முன்வரிசை, ஏ.சி. காற்று நேராக வரும் இடம்.

அம்மாவிடம் சொன்னபோது பூ கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஒரு வேள சோத்துக்கு அய்யாயிரமா? இந்த ஊர்லயாடா? வெளிய போய் நின்னா நாலு பக்கமும் சும்மா போட்டுனு இருக்கான்."

"அது சோத்துக்கு இல்லம்மா. சவுகரியத்துக்கு."

"சவுகரியம்னா இன்னாடா? வீட்டுக்கே கொணாந்து ஊட்டி உடுவியா?"

எங்கள் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் சோபா ஒரே வகைதான். கல்யாண வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் சோபா, முதுகுப் பக்கம் தங்கக் கிரீடம் வைத்தது. வாடகைக் கடைகள் எல்லாவற்றையும் சுற்றிப் பதினொன்று பிடித்தேன். ஒன்றுக்கு இரண்டு பேர், ஆக இருபத்திரண்டு தங்க டிக்கெட்.

வெள்ளி டிக்கெட்டைச் செயலாளர் சென்னையிலும், செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களிடமும் விற்றுவிட்டார். சென்னையிலிருந்து ஒரு டைல்ஸ் கம்பெனி முதலாளியும் மனைவியும் வருகிறார்கள், அவர் மனது வைத்தால் பாதி வேன் வந்த மாதிரி என்றார். தங்கத்தை உள்ளூர்க் கடைக்காரர்களிடம் விற்பது என் பொறுப்பு.

முதலில் தேரடி வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். டிக்கெட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னாப்பா இது, சோத்த காசுக்கு விக்கிறியா?"

"இல்லண்ணா, நன்கொடை விருந்து. பொண்ணுங்க வேனுக்கு."

"அன்னதானம்னு கேளு. நூறு பேருக்கு நாளைக்கே போடறேன். காசு குடுத்துட்டு நானே உக்காந்து தின்னா அது இன்னா தர்மம்? ஓட்டல்ல தின்னா மாரி ஆயிடும்ல?"

கோட்டு போட்டவர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பப் போனேன். அவரே கூப்பிட்டார்.

"இரு. இதுல ஒசந்தது எது?"

"தங்கம்ணா. சோபா."

"ரெண்டு குடு. நான் வரமாட்டேன். என் பேர்ல ரெண்டு சாமிங்க வந்து சாப்டட்டும். தரையில உக்கார வெச்சித்தான் எல்லாரும் போடறான். சோபால உக்கார வெச்சி எவன் போட்டிருக்கான்?"

காலையில் சுவரில் ஒட்டிய சுவரொட்டியை மதியம் ஊரே பார்த்துவிடுகிற மாதிரி, அந்த யோசனை வீதி முழுக்கப் பரவிவிட்டது. ஜவுளிக் கடை நான்கு வாங்கியது. இரும்புக் கடை பாய், "அவரு ரெண்டுன்னா நமக்கு மூணு எழுது தம்பி, நம்ம பேர்லயும் சாமிங்க நல்லா சாப்டட்டும்," என்றார். இரண்டே நாளில் தங்கம் தீர்ந்தது. ஒருவர்கூடத் தனக்காக வாங்கவில்லை. அவரவர் கிரிவலப் பாதையில் தமக்குத் தெரிந்த சாதுவைப் பிடித்து டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

செயலாளரிடம் "தங்கம் ஃபுல் சார்" என்று மட்டும் சொன்னேன். மறைக்க வேண்டும் என்றில்லை. டிக்கெட் யார் கையில் இருந்தாலும் டிக்கெட்தானே என்று உண்மையாகவே நினைத்தேன். காணொளியில் சொன்னபடி, விருந்தாளிகளுக்கு நினைவூட்டல் அனுப்புவதற்காகப் பாதையில் நடந்து போய்ச் சாதுக்களின் நம்பர்களை வாங்கினேன். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேரிடம் வாட்ஸப் இருந்தது. "பார்க்கிங் வசதி உண்டு" என்ற வரியோடு செய்தி அனுப்பினேன். ஒருவர் கும்பிடும் கையைத் திருப்பி அனுப்பினார். இன்னொருவர் "மெனு?" என்று கேட்டார்.

விருந்தன்று மாலை ஆறு மணிக்கு வாடகை மண்டபத்தின் கதவைத் திறந்தோம். ஆறு ஐந்துக்கு இருபத்திரண்டு சாதுக்களும் வந்துவிட்டார்கள். டிக்கெட்டை நீட்டினார்கள். நான் ஒவ்வொருவரையும் பன்னீர் தெளித்து அழைத்துப்போய், எண் பார்த்து உட்காரவைத்தேன். பதினொரு சோபாவிலும் ஜோடி ஜோடியாகக் காவி. தலைக்கு மேல் தங்கக் கிரீடம். வாடகைக்குப் பேசியிருந்த போட்டோகிராஃபர் கல்யாணம் எடுத்தே பழகியவர், பழக்க தோஷத்தில் "சாமி, கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, சிரிங்க" என்றார். அவர்களும் நெருங்கி உட்கார்ந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் செயலாளர் சென்னை விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். முன்வரிசையைப் பார்த்தவர் என் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"யாருய்யா இவங்கள உள்ள உட்டது?"

"தங்க டிக்கெட் சார். எல்லாரும் வெச்சிருக்காங்க."

"டைல்ஸ்காரர் எங்க உக்காருவாரு?"

"அவரு வெள்ளி சார். பின்னாடி, மூணாவது வரிசை."

செயலாளர் கண்களை மூடித் திறந்தார். டைல்ஸ் முதலாளியின் மனைவிக்கு முதுகு வலி, நாற்காலியில் பத்து நிமிடம்கூட உட்கார முடியாதாம். "முன்னாடி ஒரு சோபாவ காலி பண்ணு. வேன் வேணுமா வேணாமா?"

வேண்டும். தங்கை முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆனால் டிக்கெட்டின் பின்பக்கம் "இந்த இருக்கை உங்களுக்கு மட்டுமே" என்று அச்சடித்ததும் நான்தான். முதல் சோபாவில் இருந்த, தாடியை முடிச்சுப் போட்டிருந்த சாதுவிடம் போய்க் குனிந்தேன்.

"சாமி, கோச்சிக்காதீங்க. ஒரு அம்மாவுக்கு முதுகு வலி..."

"எனுக்கு இன்னாப்பா, தரையே போதும். இதுல உக்காந்தா இடுப்பு உள்ள போவுது." பிறகு வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். "ஆனா அவரு பாத்துனு இருக்காரே."

திரும்பிப் பார்த்தேன். வரமாட்டேன் என்று சொன்ன அத்தனை கடைக்காரர்களும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே வர டிக்கெட் இல்லை, அதனால் வரவில்லை. சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி எட்டி எட்டிப் பார்த்து, தங்கள் சாமிக்கு நடக்கிற உபசாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாத்திரக் கடை அண்ணன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இன்னாப்பா, என் சாமிய எழுப்பற?"

"எழுப்பலண்ணா. சவுகரியமான்னு கேட்டேன்."

"சவுகரியம் இருக்கட்டும். மணி ஏழாவப்போவுது, எலையே காணோம்."

நிகழ்ச்சி நிரல்படி வரவேற்புரை, காணொளி, டைல்ஸ் முதலாளி பேச்சு, அதன்பின் எட்டு மணிக்குச் சாப்பாடு. சாமியாரைக் காக்கவைத்துப் பேசுவதாவது என்று ஜவுளிக் கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அவ்வளவுதான். வாசல் முழுக்க உள்ளே வந்துவிட்டது. நேராகச் சமையல்கட்டுக்குப் போய் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாய் ஒரு கையில் அப்பளக் கூடை, இன்னொரு கையில் தண்ணீர்.

சோபாவுக்கு முன்னால் மேஜை கிடையாது. தட்டை மடியில் வைத்துச் சாப்பிடும் பழக்கம் சாதுக்களுக்கும் கிடையாது. ஒருவர் இறங்கித் தரையில் சம்மணம் போட்டார். அடுத்த நிமிடம் இருபத்திரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். கம்பளத்தின் மேலேயே இலை விழுந்தது. அதைப் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் இதுதான் நிகழ்ச்சியின் சிறப்பு அம்சம் என்று நினைத்து, இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் நாற்காலிகளை விட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பதினொரு சோபாவும் காலி. செயலாளர் முகம் மலர்ந்து டைல்ஸ் தம்பதியை முதல் சோபாவுக்கு அழைத்துவந்தார். அந்த அம்மா உட்காரப் போனார். காலடியில் சாது சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாமியார் கீழ உக்காந்திருக்கறப்ப நான் எப்படிங்க மேல உக்காருவேன்? பாவம் இல்லையா?"

கீழேயும் உட்கார முடியாது, முதுகு. ஆக, அந்த மண்டபத்திலேயே அதிகச் சவுகரியமான இருக்கைக்கு முன்னால் கணவனும் மனைவியும் நின்றுகொண்டே இருந்தார்கள். அப்படியும் நல்ல மனசுக்காரர்தான் அந்த அம்மா. சளைக்காமல் பரிமாறிக்கொண்டிருந்த பாத்திரக் கடை அண்ணனைக் கூப்பிட்டு, கையில் நூறு ரூபாயைத் திணித்து, "டீ சாப்பிடுப்பா" என்றார்.

அண்ணன் வாளியோடு என்னிடம் வந்தார். "தம்பி, அந்தம்மா எனுக்கு டிப்ஸ் குடுத்துட்டாங்க."

"வாங்கிக்கோங்கண்ணா."

"அய்யாயிரம் அய்யாயிரமா ரெண்டு டிக்கெட் வாங்கனவன்டா நான்!" என்றார். ஆனால் நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எட்டு மணிக்கு டைல்ஸ் முதலாளியைப் பேச அழைத்தபோது அவர்கள் கார் ஏறிவிட்டிருந்தார்கள். தாடி முடிச்சுக்காரர் கை கழுவிக்கொண்டு வந்து, "பார்சல் உண்டா?" என்று கேட்டார். கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் மண்டபத்துக்கும் சமையலுக்கும் சோபாவுக்கும் போக மிச்சமிருந்தது பாதி வேன். பின்பாதியா முன்பாதியா என்று செயலாளர் கேட்டார். பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. நான் வீட்டில் சொல்லவில்லை. தங்கையும் கேட்கவில்லை, புது நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் மறுபடி தேரடி வீதிக்கு, பாத்திரக் கடை அண்ணனிடம் போனேன்.

"இன்னொரு பாதிக்குக் குடுங்கண்ணா," என்று நேரடியாகவே கேட்டேன்.

"இன்ஜினுக்கும் டயருக்கும் எவன்டா குடுப்பான்? அதுல எம்பேரு எங்க தெரியும்?"

கோவிலில் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயம் என்று எழுதுகிற ஊர் இது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சீட்ல எழுதறேண்ணா. ஒரு சீட்டு உங்க உபயம். பேரு பெருசா."

"சீட்டு எத்தினி?"

"பதினாலு."

"சன்னல் ஓரம் எவ்ளோ?"

இதற்கு எந்தக் காணொளியும் தேவைப்படவில்லை. சன்னல் ஓரத்துக்கு ஐந்நூறு ஜாஸ்தி, சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டுக்கு ஐந்நூறு கம்மி என்று வாய் தானாகவே சொன்னது. நான்கு நாளில் பதினான்கும் போய்விட்டது. சன்னல் ஓரத்துக்குச் சிபாரிசு வந்தது.

வேன் வந்தது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது தங்கை அப்பாவிடம் சொன்னாள்: "எனுக்கு பாத்திரக் கட சீட்டு. ஸ்பிரிங் குத்துது."

நான் மறுநாள் கடைப் பக்கம் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மாலை ஏழரைக்கு வேன் வாசலில் அண்ணன் தலையணையோடு நின்றார். "என் பேரு போட்ட சீட்டு குத்துதுன்னு ஊர்ல சொல்றதா?" தலையணையை வைத்து மேலே தானே உட்கார்ந்து பார்த்தார். நிற்கிற வண்டியில் எப்படித் தெரியும், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பதினான்கு பெண்கள், ஒரு டிரைவர், சன்னல் ஓரத்தில் முட்டி முகவாயில் இடிக்க அண்ணன். தங்கை நின்றுகொண்டு போனாள்.

அடி அண்ணாமலை நிறுத்தத்தில் அப்பா டார்ச்சோடு காத்திருந்தார். வேனிலிருந்து முதலில் பாத்திரக் கடைக்காரர் இறங்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"குத்துது," என்றார் அப்பாவிடம். "நாளைக்கு மாத்திடறேன்."

அப்பா தங்கையின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "பொறுமையா மாத்துங்க," என்றார். "வருசம் பூரா வரப்போவுது."